காசு போனதால் மிஞ்சிய கார்த்தஹேனா

கொலம்பியாவின் வடக்குக் கரையில், கரீபியக் கடலை ஒட்டி இருக்கும் கார்த்தஹேனாவுக்கு ஜனவரி விடுமுறையில் போகலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தபோது, அந்த ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது எல்லாருக்கும் தெரிந்த அளவுதான்: மஞ்சளும் நீலமும் காவியுமாகச் சுவர்கள், மரத்தால் ஆன பால்கனிகள், அவற்றிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் காகிதப்பூ, தலையில் பழக்கூடையுடன் வண்ணப் பாவாடை கட்டிய பெண்கள். இணையத்தில் தேடினால் இந்தப் படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நேரில் போனால் ஊரும் அந்தப் படங்களில் இருப்பது போலவே இருக்கிறது. அது எப்படி இத்தனை காலம் அப்படியே இருந்தது என்பதைத்தான் எந்தப் படமும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் கணவர். கட்டடப் பொறியாளரான அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மனையைப் பார்ப்பவர். "கடலுக்குப் பக்கத்துல இவ்வளவு விலை போற மனை. ஒருத்தர்கூடவா இதையெல்லாம் இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டணும்னு நினைக்கல?" என்று போன அன்று மாலையே கேட்டார். சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அப்பால், போகாகிராந்தே என்ற நீண்ட மணல்திட்டின் மேல் வெள்ளை வெள்ளையாக அடுக்குமாடிகள் வரிசைகட்டி நின்றன. இங்கே மதிலுக்குள் மட்டும் ஓட்டுக்கூரைகள். ஊரைச் சுற்றிய நாட்களில் நாங்கள் பார்த்த பலவற்றையும் அந்தக் கேள்வியின் வழியாகவே பார்த்தோம்.

போய்ச் சேருவது எளிது. மயாமியிலிருந்து விமானம் மூன்று மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறது. விமான நிலையம் மதில் நகரத்துக்கு மிக அருகிலேயே இருப்பதால், டாக்ஸி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலுமாக ஓடி, நாம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி முடிப்பதற்குள் மதிலின் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்றுதான் இந்த ஊரின் வெக்கையைத் தாங்கும்படி செய்கிறது. அக்டோபரிலும் நவம்பரிலும் மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டு தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

பெத்ரோ தெ எரேதியா என்ற ஸ்பானியர் 1533ஆம் ஆண்டு இந்த நகரத்தை நிறுவினார். கலமாரி என்ற பழங்குடி ஊர் இருந்த இடம் அது. உள்ளே ஆழமும் அகலமுமாக விரிகுடா, வாயில் குறுகல். கப்பல்களை நிறுத்திக் காவல் காக்க இதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கரையில் கிடையாது. பெருவின் வெள்ளி பசிபிக் கரையோரமாக வந்து, பனாமா நிலப்பகுதியைக் கோவேறு கழுதைகளின் முதுகில் கடந்து, ஸ்பெயினுக்குப் போகும் கப்பல்களில் ஏறும். அந்தக் கப்பல்கள் தங்கிப் பழுது பார்த்துக்கொண்டு புறப்படும் துறைமுகம் கார்த்தஹேனா. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மனிதர்களை இறக்கி விற்பதும் இதே துறைமுகத்தில்தான். தென் அமெரிக்காவின் ஸ்பானியப் பகுதிகளுக்கு அடிமைகளை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்த தலையாய துறை இது.

வெள்ளி இருக்கும் இடத்துக்குக் கொள்ளையரும் வருவார்கள். 1586இல் பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்துக்கொண்டு, வீடுகளை ஒவ்வொரு பகுதியாகக் கொளுத்தியபடி பேரம் பேசி, தூக்காத்து என்ற பொற்காசில் 1,07,000 மீட்புத்தொகை வாங்கிக்கொண்டுதான் வெளியேறினார். அதற்குப் பிறகுதான் ஸ்பெயின் அரசு பொறியாளர்களை அனுப்பி மதில் எழுப்பத் தொடங்கியது. அந்த வேலை முழுமையாக முடிய 18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆயிற்று. இன்று மாலை நேரத்தில் காதலர்கள் சாய்ந்துகொண்டு சூரியன் மறைவதைப் பார்க்கும் அந்த அகலமான சுவர், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் அச்சத்தையும் அடிமைகளின் உழைப்பையும் கொண்டு கட்டப்பட்டது.

மதிலின் மேல் நடந்தபோது கணவர் அடிக்கடி குனிந்துகொண்டார். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் கல் தெரிகிறது, அது பவளப்பாறை. அருகே போய்ப் பார்த்தால் மூளையின் மடிப்புகளைப் போன்ற வரிகளும், விண்மீன் வடிவில் நெருக்கமாகப் பதிந்த சிறு குழிகளும், இடையிடையே சிப்பியின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். கடலடியில் வளர்ந்ததை வெட்டி எடுத்து, கடலிலிருந்து வருபவர்களைத் தடுக்கச் சுவராக்கியிருக்கிறார்கள். பவளக்கல் எடை குறைந்தது, துளைகள் நிறைந்தது. பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சிதறாமல் குண்டை உள்வாங்கிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். அதே துளைகளின் வழியாக ஈரமும் ஏறி இறங்கும் என்பதால் அதன் மேல் சுண்ணாம்பைத்தான் பூச வேண்டும். புதிதாக வாங்கிய சிலர் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கும் வீடுகளில், ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்ததை அவர் எனக்குத் தெருத்தெருவாகக் காட்டினார். அதற்குப் பிறகு எந்த வீட்டின் வண்ணத்தையும் என்னால் வெறுமனே ரசிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

சான் லாசரோ குன்றின் மேல் இருக்கும் சான் ஃபெலிப்பே கோட்டைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். மேலே நிழலே கிடையாது. 1657இல் சிறியதாகத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ அரேவலோ என்ற பொறியாளர் விரிவாக்கிய கோட்டை இது. அதன் சரிவான சுவர்கள் குன்றையே போர்த்தியது போல ஏறுகின்றன. உள்ளே சுரங்கப்பாதைகள். ஒரு பக்கம் நின்று தாழ்ந்த குரலில் பேசினால் வெகு தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படியும், வரும் காலடி ஓசையைக் காவலர் முன்கூட்டியே அறியும்படியும் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. சுவரில் ஆள் ஒளிந்து நிற்கும் மாடங்கள் மாறி மாறி வருகின்றன. கணவர் ஒரு மாடத்துக்குள் ஒடுங்கி நின்று, நான் கடந்துபோகும்போது "என்னடி, தனியா வந்துட்டே?" என்று இருட்டிலிருந்து பேசினார், பின்னால் வந்த அர்ஜென்டினக் குடும்பமும் சேர்ந்து அலறியது.

கோட்டையின் முன்னால் ஒரு சிலை இருக்கிறது: ஒரு கால் மரக்கால், ஒரு கண் இல்லை, ஒரு கை செயலிழந்தது, மறுகையில் உயர்த்திய வாள். பிளாஸ் தெ லெசோ என்ற கடற்படைத் தளபதி. 1741இல் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் வெர்னன் 186 கப்பல்களுடன் வந்து நகரை முற்றுகையிட்டபோது, லெசோவின் பக்கம் இருந்தவை ஆறு போர்க்கப்பல்களும் சில ஆயிரம் வீரர்களும்தான். விரிகுடாவின் வாயில் இருந்த கோட்டைகள் விழுந்ததும் வெற்றி உறுதி என்று வெர்னன் செய்தி அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் லெசோ மண்டியிட்டு நிற்பது போலப் பதக்கங்கள்கூட வார்த்துவிட்டார்கள். ஆனால் சான் ஃபெலிப்பே கோட்டையை இரவில் தாக்கியவர்கள் கொண்டுவந்த ஏணிகள் சுவருக்கு எட்டவில்லை. பொழுது விடிந்ததும் மேலிருந்து சுட்டார்கள். மிச்சத்தை மஞ்சள் காய்ச்சல் பார்த்துக்கொண்டது. லெசோவும் அதே ஆண்டு இந்த ஊரிலேயே இறந்துபோனார். வெர்னனின் படையில் இருந்த லாரன்ஸ் வாஷிங்டன் ஊர் திரும்பி, தன் பண்ணைக்குத் தளபதியின் பெயரை வைத்தார்; அவருடைய தம்பி ஜார்ஜ் பின்னாளில் வாழ்ந்த மவுன்ட் வெர்னன் அதுதான்.

இந்த வெற்றியைப் பற்றி வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வந்த தோல்வியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கணவரின் கேள்விக்கு விடை இருந்தது அந்தத் தோல்வியில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1811 நவம்பர் 11 அன்று கார்த்தஹேனா ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை அறிவித்தது. அன்று தயங்கி நின்ற நகரப் பெரியவர்களை அறிவிக்க வைத்தவர்கள் மதிலின் மறுபுறத்தில் இருந்த ஹெத்செமானி பகுதியின் கைவினைஞர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பெத்ரோ ரொமேரோ கியூபாவில் பிறந்து இங்கே வந்து குடியேறிய கலப்பினத் தொழிலாளி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1815இல் ஸ்பானியத் தளபதி பாப்லோ மொரியோ பெரும்படையுடன் வந்தார். வெர்னன் செய்ததைப் போல மதிலில் மோதாமல், கடலையும் நிலத்தையும் அடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மூன்று மாதங்களுக்கு மேல் உணவு உள்ளே வரவில்லை. குதிரை, நாய், எலி, தோல் என்று கிடைத்ததையெல்லாம் தின்று, கடைசியில் தெருவில் விழுந்து செத்தார்கள். நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், சுமார் 6,000 பேர், அந்த முற்றுகையில் மடிந்தார்கள். இருநூறு ஆண்டுகள் செலவழித்துக் கட்டிய மதிலைக் கொண்டே ஊரைப் பட்டினி போட முடிந்தது.

அதிலிருந்து கார்த்தஹேனா நெடுங்காலம் எழவில்லை. விடுதலைக்குப் பிறகு வெள்ளிக் கப்பல்கள் இல்லை. உள்நாட்டின் பெருவழியான மக்தலேனா ஆற்றோடு விரிகுடாவை இணைக்க 1650இல் வெட்டிய கால்வாய், தூர்வார ஆளும் பணமும் இல்லாமல் மேடிட்டுப் போனது. சரக்கு வேறு துறைகளுக்குத் திரும்பி, ஆற்றின் வாயருகே இருந்த பார்ரன்கியா செழித்தது. 1849இல் காலரா வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. பால்கனிகளில் செடி முளைத்தது. இடித்துக் கட்டுவதற்கும் காசு வேண்டுமல்லவா? அது ஒருவரிடமும் இல்லை. கொஞ்சம் வசதி திரும்பத் தொடங்கியபோது, 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், முன்னேற்றம் என்ற பெயரில் மதிலின் சில பகுதிகளை உண்மையாகவே இடித்துத் தள்ளினார்கள். பணக்காரர்கள் காற்றோட்டமான மங்கா தீவுக்கும் பின்னர் போகாகிராந்தேக்கும் வீடு கட்டிக்கொண்டு போய்விட, பழைய மாளிகைகள் அறை அறையாக ஏழைகளுக்கு வாடகைக்குப் போயின.

ஆகவே கணவரின் கேள்விக்கு விடை, இந்த வீடுகளை யாரும் காப்பாற்றவில்லை என்பதுதான். அவை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தேவைப்படாமல் கிடந்தன. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது பாதுகாக்க ஏதோ மிஞ்சியிருந்தது என்றால், அதற்கு அந்த வறுமையே காரணம். கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ காசு வந்தா?" என்றார். காசு வந்துவிட்டது. அதையும் பார்த்தோம்.

மதில் நகரத்துக்குள் நுழையும் மஞ்சள் கடிகாரக் கோபுர வாசலைத் தாண்டியதும் முக்கோணமாக ஒரு சதுக்கம் விரிகிறது. ஒரு பக்கம் வளைவுகளின் கீழே இனிப்புக் கடைகள். கண்ணாடிப் புட்டிகளில் தேங்காயும் பனேலா வெல்லமும் சேர்த்த கொக்காதா, பப்பாளிக்காயைச் சீவிப் பாகில் காய்ச்சிய கபாயித்தோ, எள்ளுருண்டைகள். கபாயித்தோவை நான் இரண்டாம் முறையும் வாங்கினேன். இந்தச் சதுக்கத்தில்தான் அடிமைச் சந்தை கூடியது. இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித பீட்டர் கிளேவர் ஆலயம். 1610இல் ஸ்பெயினிலிருந்து வந்த இந்த ஏசு சபைத் துறவி, கப்பல் துறைக்கு வந்ததும் படகில் போய் அதன் அடித்தளத்துக்குள் இறங்கி, சங்கிலியில் கிடந்தவர்களுக்குத் தண்ணீரும் பழமும் மருந்தும் கொடுத்து, புண்களைத் துடைப்பதை நாற்பதாண்டு வேலையாகச் செய்தார். 1654இல் இறந்த அவருக்கு 1888இல் புனிதர் பட்டம் கிடைத்தது. எலும்புகள் பீடத்தின் அடியில் கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. ஆலயத்தை ஒட்டிய மடத்தில் அவர் தங்கிய சிறிய அறையைக் காட்டுகிறார்கள். கடலைப் பார்த்த ஜன்னல் அதில் இருக்கிறது. அவர் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் அல்லர். அதன் அடியில் நசுங்கியவர்களைக் கவனித்தவர். இரண்டும் ஒன்று என்பதுபோல வழிகாட்டிகள் பேசும்போது எனக்குச் சற்று நெருடியது.

போராடியவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தென்கிழக்கே சான் பாசிலியோ தெ பலேங்கே என்ற கிராமம் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் வேலியடைத்து உருவாக்கிய ஊர்களில் நிலைத்து நின்றது இது. பெங்கோஸ் பியோஹோ என்பவரை முன்னோடித் தலைவராகக் கொண்டாடுகிறார்கள். சங்கிலியை அறுத்து நிற்கும் அவருடைய சிலை ஊர்ச் சதுக்கத்தில் இருக்கிறது. ஸ்பானிய அதிகாரிகள் சமாதானம் பேசிவிட்டுப் பின்னர் 1621இல் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். ஸ்பானியச் சொற்களோடு காங்கோ ஆற்றுப் பகுதியின் மொழிக்கூறுகளும் கலந்த தனி மொழி இன்றும் அங்கே பேச்சில் இருக்கிறது. அந்த ஊரின் பண்பாட்டை யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. எங்களை அழைத்துச் சென்ற உள்ளூர் இளைஞர் வரலாற்றைவிட அதிக உற்சாகத்தோடு பேசியது குத்துச்சண்டையைப் பற்றி: கொலம்பியாவின் முதல் உலகச் சாம்பியனான கிட் பம்பெலே இந்த ஊர்க்காரர். 1972இல் அவர் பட்டம் வென்றபோது குடியரசுத் தலைவரிடம் தன் ஊருக்கு மின்சாரம் கேட்டார் என்றும், அப்படித்தான் இங்கே விளக்கு எரிந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள்.

கார்த்தஹேனாவின் விளம்பரப் படங்களில் பழக்கூடையோடு நிற்கும் பெண்கள் இந்த ஊரிலிருந்து வருபவர்கள். பலேங்கேரா என்று பெயர். இவர்களுடைய பாட்டிகள் பழமும் இனிப்பும் விற்கப் போனார்கள். இவர்களுக்கு வருமானம் பெரும்பாலும் படம் எடுத்துக்கொள்ள நிற்பதற்குக் கிடைக்கும் பணத்திலிருந்து வருகிறது. கொடியின் மஞ்சள், நீலம், சிவப்பு நிறங்களில் பாவாடை அதற்காகத்தான். காசு கேட்கிறார்கள் என்று சுற்றுலாக் குழுமங்களில் குறைப்பட்டுக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நகரமே தன்னை விற்க இவர்களுடைய உருவத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்போது, இவர்கள் கேட்கும் சில ஆயிரம் பெசோ அதிகமாக எனக்குப் படவில்லை. விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நான் படம் எடுக்காமல், தட்டில் நறுக்கிக் கொடுத்த பழத்தை வாங்கிக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்தேன்.

அந்தத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாங்காய், உப்பும் எலுமிச்சைச் சாறும் பிழிந்து. கூடவே வாழைப்பழம், பப்பாளி, அன்னாசி, சப்போட்டா. இவற்றில் மாவும் வாழையும் நம் பக்கத்துக் கடல்களைத் தாண்டி அங்கே போனவை. பப்பாளி, அன்னாசி, சப்போட்டா மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி நம் தோட்டங்களுக்கு வந்தவை. கொய்யா, சீத்தா, முந்திரி, மரவள்ளி, பால்கனிகளில் தொங்கும் அந்தக் காகிதப்பூ எல்லாமே அப்படித்தான். தென்னையும் புளியும் இங்கிருந்து அல்லது ஆப்பிரிக்கா வழியாக அங்கே போயிருக்கின்றன. அதனால்தான் அந்த ஊர்ச் சாப்பாடு எங்களுக்கு ஓரிடத்திலும் அந்நியமாக இல்லை. தேங்காய்ச்சோறு அங்கே வறுத்த மீனோடு அன்றாடம் வரும். கெட்டித் தேங்காய்ப்பாலைத் தனியே அடுப்பில் வைத்து, எண்ணெய் பிரிந்து அடியில் கசண்டு பொன்னிறமாகச் சிவக்கும் வரை கிளறி, அதன் பிறகுதான் அரிசியையும் கொஞ்சம் வெல்லத்தையும் போட்டுத் தண்ணீர்ப் பாலை ஊற்றுகிறார்கள். அந்தக் கசண்டுதான் சோற்றுக்கு நிறமும் வாசனையும் தருவது. என் மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "வெல்லம் எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் தங்கியது மதிலுக்குள் அன்று. ஹெத்செமானியில், ஒரு மூதாட்டி தன் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு விடும் அறையில். சுவரோவியங்களும் தெருவின் குறுக்கே கட்டிய வண்ணக் குடைகளும் இருக்கும் இந்தப் பகுதியின் நடுவில் திரித்துவ ஆலயமும் அதன் முன்னால் ஒரு சதுக்கமும் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் சிறுவர்கள் ஆலயச் சுவரில் பந்து உதைக்கிறார்கள். பெத்ரோ ரொமேரோவின் சிலை அருகில் நிற்கிறது. சுற்றிலும் எண்ணெய்ச் சட்டிகள் கொதிக்கின்றன. ஒருவர் முட்டை அரேப்பா செய்வதை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். மக்காச்சோள மாவை வடை தட்டுவதைப் போலத் தட்டி எண்ணெயில் விடுகிறார். உப்பி மேலே வந்ததும் எடுத்து, ஓரத்தில் கத்தியால் சின்னதாகக் கீறி, ஒரு டம்ளரில் உடைத்து வைத்த முட்டையை அந்தக் கீறலுக்குள் ஒரே சரிவில் ஊற்றி, வாயைக் கொஞ்சம் மாவால் அடைத்து மறுபடியும் எண்ணெயில் போடுகிறார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கடித்தால் உள்ளே முட்டை வெந்து இருக்கிறது, மஞ்சள் கரு மட்டும் இளக்கமாக.

வீட்டுக்கார அம்மா அந்தத் தெருவில் பிறந்தவர். அவருடைய சிறுவயதில் இங்கே வந்து வீடு வாங்க யாருக்கும் மனம் வராது. துறைமுகத்தை ஒட்டிப் பெரிய சந்தை இருந்தது, சத்தமும் மீன் நாற்றமும் சண்டையும் அதிகம். அந்தச் சந்தையை 1978இல் பசுர்த்தோவுக்கு மாற்றிவிட்டு அதே இடத்தில் மாநாட்டு மண்டபம் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், மதிலின் நிழலில் இருந்த சம்பகூ என்ற கறுப்பின மக்களின் குடிசைப் பகுதியைக் காலி செய்திருந்தார்கள். பிறகு மதிலுக்குள் இருந்த மாளிகைகளைத் தலைநகரத்துப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கினார்கள். 1621இல் நிறுவிய சாந்தா கிளாரா கன்னியர் மடம், இடையில் சிறையாகவும் மருத்துவமனையாகவும் இருந்துவிட்டு, 1995இல் ஆடம்பர விடுதியாயிற்று. உள்ளே இடம் தீர்ந்ததும் ஹெத்செமானிக்கு வந்தார்கள்.

கொலம்பியாவில் வீடு இருக்கும் பகுதியை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்து, அதன்படி மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கட்டணம் வைக்கிறார்கள். மேல் தரத்தில் இருப்பவர் அதிகம் கட்ட, கீழ்த் தரத்தில் இருப்பவருக்குச் சலுகை. ஏற்பாடு என்ற அளவில் நியாயமானதுதான். ஆனால் சுற்றிலும் விடுதிகள் வந்து மனை மதிப்பு ஏறினால், அதே பழைய வீட்டில் அதே ஓய்வூதியத்தில் இருக்கும் அம்மாவுக்கும் வீட்டு வரி ஏறுகிறது. தெருவில் தன்னோடு படித்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு கையே போதுமானதாக இருந்தது. விற்றவர்களை அவர் திட்டவில்லை. நல்ல விலை வந்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள் என்றார். அறையை எங்களுக்கு வாடகைக்கு விடுவதால்தான் வரி கட்ட முடிகிறது என்றும் சொன்னார். இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. வறுமை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விட்டுவைத்த வீடுகளைப் பணம் இடிக்கவில்லை, சட்டமும் அனுமதிக்காது, ஆனால் உள்ளே இருந்தவர்களை மட்டும் வெளியேற்றிவிடுகிறது.

வெளியேறியவர்கள் போன இடத்தைப் பார்க்க வேண்டுமானால் லா போப்பா குன்றின் மேல் இருக்கும் மடத்துக்குப் போக வேண்டும். 1607இல் நிறுவப்பட்ட அகுஸ்தீன் சபை மடம். உயரம் ஏறத்தாழ 150 மீட்டர். பெரும்பாலோர் மேற்குப் பக்கம் திரும்பி மதில் நகரத்தைப் படம் பிடிக்கிறார்கள். கிழக்கே திரும்பினால் காயலின் கரை வரை தகரக் கூரைகள் நெருங்கிக் கிடக்கின்றன. பத்து லட்சம் பேர் வாழும் நகரம் இது. அஞ்சலட்டையில் வரும் பகுதி அதில் ஒரு மூலை.

ரொசாரியோ தீவுகளுக்கும் ஒருநாள் படகில் போனோம். தண்ணீரின் நிறம் அழகு, கூட்டம் அதிகம், படகில் முதுகு கழன்றுவிடும். பழைய கால்வாயைத் தூர்வாரி அகலப்படுத்திய பிறகு அதன் வழியாக மக்தலேனாவின் வண்டல் விரிகுடாவில் கொட்டி, தீவுகளின் பவளத்தை நலிவடையச் செய்கிறது என்பதைப் படகுக்காரர் பழுப்பு நீரும் நீல நீரும் சேரும் கோட்டைக் காட்டிச் சொன்னார்.

அந்த ஆற்றின் மேலே, உள்நாட்டில், மொம்போஸ் என்ற ஊர் இருக்கிறது. கடற்கொள்ளையருக்கு எட்டாத தூரத்தில் கார்த்தஹேனாவின் வணிகர்கள் சரக்கை இருப்பு வைத்த ஆற்றுத் துறை. 19ஆம் நூற்றாண்டில் மக்தலேனாவின் முதன்மை நீரோட்டம் வேறு கிளைக்கு மாறிவிட, பெரிய படகுகள் வருவது நின்று, ஊர் அப்படியே உறைந்துபோனது; 1995இல் அதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டுக்கார அம்மாவின் தங்கை அங்கே இருக்கிறார். இப்போது பாலம் வந்து சாலைப் பயணம் எளிதாகிவிட்டதாம்; வீடு விசாரித்து வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்களாம். கணவர் அங்கே போகப் பேருந்து நேரங்களை இப்போதே குறித்து வைத்திருக்கிறார். அவருக்கு அந்த ஊரின் செங்கல் சுவர்களைப் பார்க்க வேண்டும், எனக்குப் பொன்னையும் வெள்ளியையும் நூலாக இழுத்து முறுக்கி நகை செய்யும் அந்த ஊர்த் தட்டார்களைப் பார்க்க வேண்டும்.